தேமல் யாருடைய பரம்பரை?



இந்த முறை தேமலைப் பற்றிப் பேசப் போகிறோம். "தேமலுக்குப் போய் ஒரு பாடமா? அதனால் யார் செத்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். யாரும் சாகவில்லைதான். ஆனால் அந்தத் தேமலால் எத்தனை வீட்டில் எத்தனை வருத்தம் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண் பார்க்க வந்திருப்பார்கள். பலகாரம் வைத்து, காப்பி கொடுத்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும். வந்த அம்மாக்களில் ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார். "பொண்ணு கழுத்துல வெள்ளையா இருக்கே, அது என்னங்க? உங்க குடும்பத்துல யாருக்காச்சும் உண்டா? பரம்பரையா?" அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். பதில் தெரிந்தால்தானே சொல்வாள்!

இன்னொரு பக்கம், வேலை முடிந்து வந்த மனிதர் சட்டையைக் கழற்றினால் முதுகு பூராவும் திட்டுத் திட்டாக இருக்கும். "ஒழுங்கா குளிச்சா ஏன் இப்படி வருது?" என்று வீட்டிலேயே பேச்சு. அவரோ தினமும் இரண்டு வேளை குளிப்பவர்.

பரம்பரையா? அழுக்கா? ஒட்டிக்கொள்ளுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்றைக்கு விஞ்ஞானம் தெளிவான பதில் சொல்கிறது. அதிலும் அந்தப் 'பரம்பரை' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் வேடிக்கையானது. பரம்பரையில் ஒரு குறை இருப்பது உண்மை. ஆனால் அந்தக் குறை உங்கள் குடும்பத்துப் பரம்பரையில் இல்லை. உங்கள் தோலில் குடியிருக்கும் ஒரு சிறிய உயிரின் பரம்பரையில் இருக்கிறது. அதைத்தான் இன்று படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

யார் இந்தக் குடித்தனக்காரர்?

ரொட்டி மாவைப் பொங்க வைப்பது எது? இறக்கிய கள்ளைப் புளிக்க வைப்பது எது? ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, உருண்டையான ஒற்றை உயிரணு. அந்த மாதிரி ஈஸ்ட்டில் ஒரு வகை மனிதருடைய தோலில் வாழ்கிறது. அதற்கு மலாசீசியா என்று பெயர்.

இதன் கதை பழையது. தேமலுக்குக் காரணம் ஒரு பூஞ்சைதான் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஐக்ஸ்டெட் என்பவர் 1846 இல் கண்டார். 1874 இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவ அறிஞர் லூயி மலாசே, பொடுகுச் செதிலை எடுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். அதிலும் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் இருந்தது. அவருடைய பெயரைத்தான் பிறகு இந்தப் பூஞ்சைக்குச் சூட்டினார்கள்.

தலையில் பொடுகு, முதுகில் தேமல், இரண்டுக்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே கூட்டம்தான். இதில் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதர் தோலில் அதிகம் காணப்படுவன குளோபோசா, ரெஸ்ட்ரிக்டா, சிம்போடியாலிஸ், ஃபர்ஃபர் என்ற இனங்கள். நாயின் காதில் வாழும் இனம்கூட ஒன்று உண்டு.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். தேமல் உள்ளவர் தோலில்தான் இது இருக்கிறது என்று எண்ண வேண்டாம். உங்கள் தோலிலும் இருக்கிறது, எழுதுகிற என் தோலிலும் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் நிற்கிற தொழிலாளி, மண்டோர், கிராணி, மானேஜர் எல்லார் தோலிலும் இருக்கிறது. 2013 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நல்ல உடல் நலத்தோடு இருந்த 10 பேரின் உடம்பில் 14 இடங்களைத் தொட்டெடுத்துச் சோதித்தார்கள். தலை, உடம்பு, கை என்று 11 இடங்களில் மலாசீசியாதான் மிகுதியாக இருந்தது. பாதத்தில் எடுத்த மூன்று இடங்களில் மட்டும் பலவகைப் பூஞ்சைகள் கலந்து இருந்தன.

பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே, தாயின் தோலிலிருந்து இது பிள்ளையின் தோலுக்கு வந்துவிடுகிறது. தாய்ப்பால் கொடுக்கும்போது, கொஞ்சும்போது, குளிப்பாட்டும்போது வருவது. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. நம் முப்பாட்டன் காலம் முதல் இப்படித்தான் நடந்து வருகிறது.

மரபணு என்றால் என்ன? செம்பனையைப் பாருங்கள்

இனி பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மரபணு, ஜீன் என்று பேப்பரில் படிக்கிறோம். அது என்ன?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். டூரா என்ற செம்பனையின் பழத்தை வெட்டிப் பார்த்தால் கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும். பிசிஃபெரா என்ற வகைக்கு ஓடே இருக்காது. இரண்டையும் கலந்தால் வருவது டெனெரா. அதற்கு ஓடு மெல்லிசு, சதை அதிகம். சதை அதிகமானால் எண்ணெய் அதிகம். டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் இன்றைக்குத் தோட்டங்களில் டெனெராவை நடுகிறார்கள்.

ஓடு தடிப்பா, மெல்லிசா, இல்லையா என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு. அந்த மரபணுவை நம் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்டுபிடித்து 2013 இல் வெளியிட்டார்கள்.

ஆக, மரபணு என்பது ஓர் உத்தரவுச் சீட்டு. 'ஓடு இப்படிச் செய்', 'இந்தச் சத்தை இப்படித் தயாரி' என்று உயிரணுவுக்குள்ளே எழுதி வைத்த உத்தரவு. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். மரத்துக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்டுக்கும் உண்டு. சீட்டு இருந்தால் வேலை நடக்கும். சீட்டு தொலைந்துபோனால் அந்த வேலை நடக்காது.

சமைக்க மறந்த குடும்பம்

இந்தப் பூஞ்சையைச் சோதனைச் சாலையில் வளர்க்க விஞ்ஞானிகள் வெகுகாலம் சிரமப்பட்டார்கள். ரொட்டி ஈஸ்ட்டுக்குக் கொடுப்பதுபோல் சர்க்கரை கொடுத்தால் இது வளரவில்லை. 1939 இல் அமெரிக்காவில் ரோடா பென்ஹாம் என்ற பெண் விஞ்ஞானி காரணத்தை விளக்கினார். எண்ணெய், கொழுப்பு கொடுத்தால்தான் இது வளரும், இல்லாவிட்டால் வளராது என்று காட்டினார்.

சரி, ஏன் அப்படி? அதற்கு விடை கிடைக்க மேலும் 68 வருடங்கள் ஆயின. 2007 இல் குளோபோசா இனத்தின் உத்தரவுச் சீட்டுகள் முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். மனிதருடைய மரபுச் செய்தியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உண்டு. மரபணுக்கள் 20,000 அளவில் இருக்கும். 1996 இல் படித்து முடித்த ரொட்டி ஈஸ்ட்டில் 1 கோடியே 20 லட்சம் எழுத்து, சுமார் 6,000 மரபணு. நம் தோல் பூஞ்சைக்கோ 90 லட்சம் எழுத்து, 4,300 க்குச் சற்றுக் குறைவான மரபணுக்கள். பூஞ்சைகளிலேயே மிகச் சிறிய குடும்பங்களில் ஒன்று.

அந்தச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று காணவில்லை. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு! உயிரணு ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதைக் கட்டக் கொழுப்பு அமிலம் அவசியம். நம் உடம்பு அதைத் தயாரிக்கிறது. ரொட்டி ஈஸ்ட்டும் தயாரிக்கிறது. இந்தப் பூஞ்சையால் முடியாது.

இது எப்படி நடந்தது? ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை. மூன்று வேளையும் அங்கிருந்தே சாப்பாடு வருகிறது. அம்மா அடுப்புப் பற்ற வைப்பதை விட்டுவிட்டாள். மகளுக்குச் சமையல் தெரியாது. பேத்திக்கு அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கடை இருக்கும்வரை அவர்கள் நன்றாகவே வாழ்வார்கள். கடை மூடினால் பட்டினி. இந்தப் பூஞ்சையின் கதையும் அதேதான். நம் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஓய்வில்லாமல் எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கின்றன. சும்மா கிடைக்கிற எண்ணெயில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், தானே தயாரிக்கும் சீட்டைப் பறிகொடுத்துவிட்டது. அது இல்லாமலேயே பிழைக்க முடிந்ததால், அந்த இழப்பு அதைப் பாதிக்கவில்லை.

ஒன்றை இழந்தாலும் வேறு ஆயுதம் வைத்திருக்கிறது. எண்ணெயை உடைத்துத் தின்பதற்கான பலவகை நொதிகளைத் தயாரிக்கும் மரபணுக்கள் இதனிடம் ஏராளம். அவற்றைத் தோலின்மேல் உமிழ்ந்து, எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. வேண்டாததை விட்டுவிடுகிறது. விட்டதில் ஒலீயிக் அமிலம் என்பது ஒன்று. சிலருடைய தலைத்தோலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து செதில் செதிலாக உதிர்கிறது. அதுதான் பொடுகு.

2015 இல் சிங்கப்பூர் மரபணு ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து, இந்தப் பூஞ்சைக் கூட்டத்தின் பல இனங்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டார்கள். எல்லா இனங்களும் ஒரே வழியில் போயிருக்கின்றன. மாவுச் சத்தை உடைக்கும் மரபணுக்கள் குறைந்திருக்கின்றன, கொழுப்பை உடைப்பவை பெருகியிருக்கின்றன. இன்னொரு வேடிக்கை, பாக்டீரியாக் கிருமிகளிடமிருந்து சில மரபணுக்களை இரவல் வாங்கியும் வைத்திருக்கின்றன!

2022 இல் மற்றொரு செய்தி வந்தது. ஃபர்ஃபர் இனத்தில் இரண்டு வேறு பரம்பரைகள் கலந்து உருவான கலப்பினங்கள் உண்டு என்று கண்டார்கள். டூராவும் பிசிஃபெராவும் கலந்து டெனெரா வந்ததை நாம் பார்த்தோமே, அதுபோல. செம்பனையை மனிதர் கலந்தார்கள். இது தானாகக் கலந்துகொண்டது.

இதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? ரொட்டி ஈஸ்ட் தூரத்து உறவுதான். நெருங்கிய உறவு, மக்காச்சோளக் கதிரைக் கரிய உருண்டையாக்கும் கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சை. ஒரே வம்சத்தில் ஒரு கிளை பயிரின்மேல் போனது, ஒரு கிளை மனிதர், மிருகங்களின் தோலுக்கு வந்தது.

அப்படியானால் தேமல் ஏன் எல்லாருக்கும் வருவதில்லை?

நல்ல கேள்வி. குடித்தனக்காரர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். சில வீட்டில் மட்டும் ஏன் கலாட்டா?

இந்தப் பூஞ்சை சாதாரணமாக உருண்டை வடிவில் சாதுவாக இருக்கும். சூடு, வியர்வை, எண்ணெய் மூன்றும் கூடினால் சிலருடைய தோலில் வடிவம் மாறிவிடும். நூல் நூலாக நீண்டு மேல் தோலுக்குள்ளே படரும். அப்போதுதான் தேமல். செதிலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால், மீகூனில் மீன் உருண்டை போட்டது மாதிரி நூலும் உருண்டையுமாகத் தெரியும்.

படரும்போது அது வெளிவிடும் சில பொருள்கள், தோலுக்கு நிறம் தரும் வேலையைத் தடுத்துவிடுகின்றன. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கும். அந்த இடம் மட்டும் கறுக்காது. ஆகவே வெளிறிய திட்டாகத் தெரிகிறது. சிலருக்குப் பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரியும். மலாய்க்காரர்கள் இதைத்தான் பானாவ் என்கிறார்கள்.

நம் நாட்டில் வருடம் முழுக்கப் புழுக்கம். செம்பனைக் குலை வெட்டுகிறவர், உரம் போடுகிறவர், மருந்து அடிக்கிறவர் எல்லாரும் காலையிலேயே வியர்வையில் நனைந்துவிடுகிறார்கள். மருந்து அடிப்பவர் போடும் தடித்த உடுப்புக்குள் வியர்வை காய வழியே இல்லை. வயசுப் பிள்ளைகளுக்குத் தோலில் எண்ணெய் சுரப்பு அதிகம். ஆகவே வளரும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் தேமல் அதிகம் வருகிறது.

அதிகம் வியர்க்கும் உடல்வாகும், எண்ணெய்ப் பசையான தோலும் ஒரு குடும்பத்தில் பலருக்கு ஒத்து இருக்கலாம். அதனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் தேமல் வருவதுண்டு. உடல்வாகு குடும்பத்தில் வரும் என்பது உண்மை. ஆனால் தேமல் இரத்தத்தில் ஓடி வரும் வியாதி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

குளிக்காததால் வருவதும் இல்லை. அழுக்கு அதற்கு உணவில்லை, எண்ணெய்தான் உணவு. அந்த எண்ணெயைச் சுரப்பது உங்கள் தோல். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது மறுபடி சுரக்கும்.

ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டிக்கொள்வதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? எல்லார் தோலிலும்தான் ஏற்கெனவே இருக்கிறதே! தேமல் உள்ளவரோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தள்ளி வைக்க ஒரு காரணமும் இல்லை.

வெளிறியதெல்லாம் தேமல் இல்லை

தோழர்களே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். தேமல் என்று நினைத்து வேறொன்றைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

தேமலுக்கு அடையாளம் இது: நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு மாதிரி செதில் வரும். கழுத்து, மார்பு, முதுகு, தோள்பட்டையில் பல திட்டுகள் இருக்கும். வியர்த்தால் லேசாக அரிக்கலாம். தொட்டால் உணர்ச்சி நன்றாகத் தெரியும்.

தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சைத் திரித்து, திட்டின்மேல் ஒரு முறை, நல்ல தோலில் ஒரு முறை தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டின்மேல் தொட்டது தெரியவில்லை என்றால், ஒரு நாளும் தாமதிக்காமல் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். உணர்ச்சி தெரிந்தாலும், திட்டு மருந்துக்கு அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென்று 1930 இல் குடியிருப்பு திறந்த காலம் வேறு. அப்போது நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அந்தப் பயம் இன்னும் நம் பெரியவர்களின் மனதில் இருக்கிறது. ஆனால் 1980 களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கியதும் பிறருக்குப் பரவுவது வெகு சீக்கிரம் நின்றுவிடும். மறைத்து வைத்தால்தான் கை கால் ஊனமாகும். ஆகவே ஒளிக்காதீர்கள்.

பால் மாதிரி வெள்ளையாக, செதில் இல்லாமல் இருந்தால் அது வெண்படலம். 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் ஒட்டாது.

சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியோடு வருவது. "வயித்துல பூச்சி" என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பதால் அது போகாது. வட்டமாக, ஓரம் தடித்து, கடுமையாக அரித்தால் அது படர்தாமரை. அது வேறு பூஞ்சை. அது பிறருக்கு ஒட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

தேமல்தான் என்று டாக்டரோ டிரசரோ சொல்லிவிட்டால், சிகிச்சை சுலபம். செலினியம் சல்ஃபைடு 2.5 விழுக்காடு உள்ள லோஷன், கெட்டோகொனசோல் 2 விழுக்காடு உள்ள ஷாம்பூ, குளோட்ரிமசோல் போன்ற களிம்பு, இவற்றில் ஒன்றைக் கொடுப்பார்கள். செலினியம் லோஷனாக இருந்தால், பொதுவாக நாளுக்கு ஒரு முறை 10 நிமிடம் பூசி வைத்துக் கழுவி, 7 நாள் செய்யச் சொல்வார்கள். திட்டின்மேல் மட்டும் பொட்டு வைத்ததுபோல் பூசினால் போதாது. சுற்றியுள்ள தோலிலும் பூச வேண்டும். பூஞ்சை அங்கேயும் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசக் கூடாது.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஏழு நாள் பூசியும் வெளிறல் போகவில்லை என்று மருந்தைக் குறை சொல்கிறார்கள். பூஞ்சை செத்திருக்கும், ஆனால் நிறம் திரும்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சுரண்டினால் செதில் வருகிறதா என்று பாருங்கள். செதில் வரவில்லை என்றால் மருந்து பெரும்பாலும் வேலை செய்துவிட்டது. பொறுத்திருங்கள்.

பொறுமை இழந்து செய்யக் கூடாதவை சில உண்டு. சந்தையில், பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் வெளுப்புக் கிரீம் வேண்டாம். பாதரசம் கலந்தவை உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகப் பூச வேண்டாம். முதலில் குறைந்த மாதிரி தெரியும், பிறகு பூஞ்சை இன்னும் பரவும். பூண்டு, மண்ணெண்ணெய் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். சீமையகத்தி இலையை, மலாய்க்காரர் கெலெங்காங் என்பார்களே, அதை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். எரிச்சல் கண்டால் உடனே கழுவிவிடுங்கள். கெட்டோகொனசோல் மாத்திரையைத் தேமலுக்கு விழுங்கவே கூடாது. ஈரலைக் கெடுக்கும் என்று 2013 இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் எச்சரித்தார்கள். பூசுவதால் அந்த ஆபத்து இல்லை.

சொன்ன நாள்வரை மருந்தை முழுதாகப் பூசுங்கள். அரைகுறையாக விட்டு, அவ்வப்போது பூசிக்கொண்டிருந்தால் தாக்குப் பிடிக்கும் பூஞ்சைகள் மட்டும் மிஞ்சிப் பெருகலாம். பூஞ்சையின் மரபணுவில் சிறு மாற்றம் வந்தால்கூட மருந்து பிடிக்காமல் போகும். களைக்கொல்லி அடித்தும் சாகாத புல்லை மருந்து அடிக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

எண்ணெய் விஷயம் ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேமல் உள்ள இடத்தில் எண்ணெய் பூசி ஊற விடாதீர்கள். எண்ணெய்க்கு ஏங்குகிற உயிருக்கு எண்ணெயையே கொடுப்பதா?

வேலையில் வியர்ப்பதைத் தவிர்க்க முடியாது. வீடு திரும்பியதும் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து பேசாமல், கழற்றிவிட்டுக் குளியுங்கள். நன்றாகத் துடைத்து, உலர்ந்த கைலி, உலர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். வேலைச் சட்டையைத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேமல் வருகிறது என்று பாதுகாப்பு உடுப்பைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். தேமல் நிறத்தை மட்டும்தான் தொடும், விஷமருந்து உயிரையே தொடும். உடுப்பைப் போடுங்கள், வேலை முடிந்தவுடன் கழற்றிக் குளியுங்கள்.

இத்தனையும் செய்தும் அடுத்த வருடம் தேமல் திரும்பி வரலாம். அது உங்கள் குற்றமில்லை, மருந்தின் குற்றமும் இல்லை. குடித்தனக்காரரை அடியோடு விரட்ட முடியாது, அவர் அளவோடு இருக்கும்படிதான் பார்த்துக்கொள்ள முடியும். அடிக்கடி வருகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, மாதம் ஒரு முறை அதே ஷாம்பூவை உடம்பில் பூசிக் குளிக்கலாம்.

பாடத்தின் சுருக்கம்

தேமலுக்குக் காரணம் எல்லார் தோலிலும் உள்ள பூஞ்சை. அது கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுவை இழந்ததால் நம் எண்ணெயை நம்பி வாழ்கிறது. சூடும் வியர்வையும் கூடினால் படர்கிறது. அழுக்கால் வருவதில்லை, ஒட்டுவதில்லை, குடும்ப வியாதியும் இல்லை. மருந்து உண்டு, நிறம் திரும்பக் காலம் பிடிக்கும். உணர்ச்சி இல்லாத திட்டு என்றால் உடனே கிளினிக்.

இனிமேல் பெண் பார்க்க வந்த இடத்தில் யாராவது, "பரம்பரையா?" என்று கேட்டால், பெண்ணைப் பெற்ற தாய் தலை குனிய வேண்டாம். நிமிர்ந்து சொல்லட்டும்: "பரம்பரைதாங்க, ஆனா எங்க பரம்பரை இல்ல, அந்தப் பூஞ்சையோட பரம்பரை. அது உங்க தோல்லயும் இருக்கு. ஏழு நாளு மருந்து பூசுறோம், மூணு மாசம் பொறுங்க, நிறம் தானா வந்துரும்."

சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக் கொடுங்கள்.